சலூன்காரன் போட்ட மாலை

மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்து. இந்த முனையில் என் இஸ்திரி வண்டி, அந்த முனையில் சலூன். சலூன்காரனுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான். அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்னும் எரிகிறது.

கவுன்சிலர் இருந்தவரை சந்துக்கு அவன்தான் எல்லாம். தேர்தலுக்குச் சலூன் பெஞ்சை வெளியே போட்டுக் கூட்டம் சேர்த்தவன். விளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் அவனிடம்தான் ஓடுவார்கள். முகத்தில் சோப்போடு ஆளை உட்காரவைத்துவிட்டு அவன் கவுன்சிலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். அந்த ஆளும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். என்னிடம் சட்டை கொஞ்சம் தாமதமானால் கத்துகிற அதே ஆள்!

எழுபதுகளில் கார்ப்பரேஷன் கவுன்சிலைக் கலைத்துவிட்டு, மேலே இருந்து அதிகாரிகளைப் போட்டார்கள். ஓட்டு கேட்டு வராதவர்கள், யாருக்கும் முகம் தெரியாது. எங்கள் வட்டாரத்துக்கு வந்தவர் அடுத்த தெருவில் குடியேறினார். அவர் சட்டைகள் என் வண்டிக்கு வந்தன.

கொட்டாங்கச்சிக் கரி போட்டுத்தான் அவற்றைத் தேய்ப்பேன். கட்டைக் கரி பொறி கக்கும். ஒரு தடவை ஒரு வாத்தியாரின் வேட்டியில் பொறி விழுந்து, அந்த மனுஷன் என்னைக் கோயில் வாசல்வரை துரத்தினார். அதை விடுங்கள். சந்துக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய் வரப்போகிறது என்று அப்போது பேச்சு. எந்த முனையில் என்பதை அதிகாரிதான் சொல்லவேண்டும்.

"கொழா நம்ம வாசல்லதான். அப்புறம் பாரு, அல்லாரும் நம்மளத்தான் தேடி வருவாங்கோ" என்றேன் என் பெண்சாதியிடம்.

"மொதல்ல வரட்டும்யா" என்றாள் அவள்.

ஒருநாள் அதிகாரியின் டவாலிச் சேவகன் வந்து, "நல்லா கஞ்சி போட்டுத் தேய்ச்சிடுப்பா. நாளைக்குக் காலைல ஐயா உங்க சந்துக்குத்தான் வராரு" என்றான்.

யாருக்கும் தெரியாத சேதி, எனக்குத் தெரிந்துவிட்டது! வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. நேராகச் சலூனுக்குப் போனேன்.

"இன்னாபா, ஒன் கவுன்சிலர் வூட்ல பூட்டு தொங்குதா? நாளைக்கு அதிகாரி வராரு. எனக்குத்தான் சொல்லி வுட்டாரு."

தோல்பட்டையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அப்டியா நைனா, நல்ல சேதி சொன்னே" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

மறுநாள் நான் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றேன். பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் எலுமிச்சம்பழம் கொடுப்பதுதானே நம் வழக்கம். அதிகாரி வந்தார். நான் தேய்த்த சட்டை, மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பழத்தை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமலேயே டவாலியிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

அந்த முனையில் பெஞ்சு வெளியே வந்திருந்தது. கூட்டம். ஆள் உயர ரோஜா மாலை. தண்ணீர் தெளித்து ஈரம் சொட்டச் சொட்ட அதை அவர் கழுத்தில் போட்டான் சலூன்காரன். அதிகாரி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இங்கே யாரப்பா எல்லாத்தையும் பாத்துக்கறது?"

"இவருதான் சார்!" என்று கூட்டம் மொத்தமும் சலூன்காரனைக் காட்டியது. என் பெண்சாதியின் தம்பியும் அதில் இருந்தான்.

"குழாயை எங்கே போடலாம்?"

"இங்கியே போட்டுடலாம் சார். பெஞ்சு கீது, தண்ணி வர்ற வரைக்கும் பொம்பளைங்க குந்துவாங்கோ."

அங்கேயே போட்டுவிட்டார்கள்.

குழாய் வந்த பிறகு ஒருநாள் அந்தச் சட்டை திரும்ப வந்தது. மாலை ஈரம் பட்டு, காலருக்குக் கீழே ரோஜாச் சாயம் இறங்கியிருந்தது. அவர்கள் வீட்டில் எத்தனை துவைத்தும் போகவில்லையாம்.

பெண்சாதி எட்டிப் பார்த்தாள். "அவன் போட்ட மாலையத்தான் தேய்ச்சிகினு கீறியா?"

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். தெளிக்கத் தண்ணீர் இல்லை. சொம்பை எடுத்துக்கொண்டு சலூன் முனைக்கு நடந்தேன்.

"வா நைனா, வா. இவருக்கு வழி வுடுங்கம்மா, இஸ்திரிக்குத் தண்ணி வேணும்" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தான். சொன்னதும் வரிசை ஒதுங்கி வழி விட்டது.