கொண்டச்சியில் ஏற்றிய காபோவைதரேற்று

இன்று கொண்டச்சியில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. காலையில் அரையிறுதியை வென்றோம். பின்னேரம் இறுதிப்போட்டி, அந்த ஊர் அணியோடு.

எங்கள் வங்காலை அணியின் புதுப் பயிற்றுநர், அரையிறுதியின் கடைசி விசில் ஊதியதுமே தொடங்கிவிட்டார்.

"களைப்புத் தீரோணும் எண்டால் உடன காபோவைதரேற்று, அதான் மாச்சத்து, உள்ள போகோணும். பாணும் வாழைப்பழமும் கொண்டந்தனான், வாங்கோ."

அதற்குள் கொண்டச்சி அணித் தலைவர் வந்து எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பியபின் அவர்கள் நடத்தும் முதல் போட்டி. விருந்தாளிகளைப் பாணோடு விடுவார்களா?

சஹன் வந்தது. ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும், சுற்றிவர ஆறு பேர். தலைவரும் எங்களோடு அமர்ந்தார்.

"சாப்பிடுங்க மச்சான், வெட்கப்படாதீங்க" என்று தன் பக்கத்துச் சோற்றையும் எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தார்.

சஹனில் மிச்சம் வைப்பது மரியாதையில்லை. நாங்கள் மிகவும் மரியாதையானவர்கள்.

"டேய், அளவாச் சாப்பிடுங்கோடா!" என்று பயிற்றுநர் கத்தினார்.

"சேர், இதுவும் காபோவைதரேற்றுத்தானே?" என்றேன்.

பின்னேரம் பந்து எங்களைத் தேடி வந்தது. நாங்கள்தான் அதைத் தேடிப் போகவில்லை. நான்கு கோல் வாங்கினோம். மூன்றை அடித்தவர் அந்தத் தலைவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பசி வேறு. "சேர், அந்த வாழைப்பழம் எங்க?"

"நீங்கள்தான் தொடேல்லையே. இறுதிப்போட்டிக்கு முன்னம் கொண்டச்சிப் பொடியள் வந்து கேட்டவை. முழுக்கக் குடுத்திட்டன்."

அடுத்த மாதம் அவர்கள் வங்காலைக்கு விளையாட வருகிறார்கள். இறால் குழம்பும் புட்டும் தாராளமாகச் சமைக்க ஆட்கள் தேவை. வாழைப்பழத்தை நான் ஒளித்துவைக்கிறேன்.