கரண்டிக்கு எதற்கு ஈ.பி.?

கோயம்புத்தூரிலிருந்து வந்த வெள்ளி வியாபாரி முள்கரண்டியைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த அந்தக் கணம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவின் சாப்பாட்டு அறை அது. மேசையில் பச்சைத் துணி விரித்து, கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் கத்திகளையும் பரப்பியிருந்தோம். முதலாளி குடும்பத்தில் பாகப்பிரிவினை. சாமான்களை மதிப்பிட அவரை வரவழைத்திருந்தார்கள். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கான நான் பட்டியலோடு நின்றேன். எதிரே பங்களாவின் பட்லர். இருபது வருஷமாக அந்தச் சாமான்களைத் துடைத்து அடுக்கி வைத்தவர் அவர்தான். அலமாரிச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

வியாபாரி ஆறு தேக்கரண்டிகளை மட்டும் தனியே ஒதுக்கினார். அவற்றின் காம்புக்குப் பின்னால் பொடிப்பொடியாகச் சில முத்திரைகள். அதில் ஒன்று சிங்கம். "இது அசல் வெள்ளிங்க," என்றார். மற்றவற்றில் சிங்கம் இல்லை, நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. "முதல் ரெண்டெழுத்து ஈ.பி. முலாம்னு அர்த்தமுங்க. உள்ளே இருக்கறது ஜெர்மன் சில்வர், பேருதான் சில்வர், வெள்ளியே கிடையாது." மேசையில் உரசி உரசிக் கரண்டியின் அடிப்பக்கம் தேய்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் காட்டினார். வெண்மைக்கு நடுவே மங்கலான மஞ்சள் தெரிந்தது. "வெள்ளின்னா எவ்வளவு தேஞ்சாலும் வெள்ளியாத்தான் இருக்கும்."

மேனேஜர் என் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார். அதில் எல்லாமே வெள்ளி என்று இருந்தது. பிறகு அவர் பட்லரைப் பார்த்தார்.

"ஏனுங்க, நான் வேலைக்கு வந்த நாள்லருந்தே இது முலாம்தானுங்க," என்றார் பட்லர். யாரும் நம்பவில்லை. அசலை விற்றுவிட்டு முலாமை வைத்துவிட்டார் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மதியத்துக்குள் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாட்ச்மேன்கள் இருவர் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த புடவைகளை வாசலில் ஒவ்வொன்றாக உதறினார்கள். மூன்று நாளில் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீஸ் என்றார் மேனேஜர்.

ஈ.பி. என்ற எழுத்துகளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அந்த அறையிலேயே எனக்குத் தோன்றியது. மாலையில் ஆபீஸ் பீரோவிலிருந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். பட்லர் வேலைக்குச் சேருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதப்பட்டது. அதைப் பார்த்துத்தான் முந்தைய வருஷம் கம்ப்யூட்டரில் பட்டியல் அடித்திருந்தேன். ஆறு தேக்கரண்டிகளின் வரியைத் தவிர மற்ற எல்லா வரியிலும் சில்வர் என்ற சொல்லுக்கு முன்னால் சிவப்பு மையில் தமிழிலேயே ஈ.பி. என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஈ.பி. கரண்ட் ஆபீஸ்தான். கரண்டிக்கு எதற்கு ஈ.பி. என்று நினைத்து, ஒரு வரி விடாமல் அத்தனையிலும் அதை விட்டுவிட்டிருந்தேன்.

அப்பா இறந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை அது. குடியிருந்த வீடும் எஸ்டேட்டுடையது. அம்மா படுத்த படுக்கை. வேலை போனால் அவளை எங்கே தூக்கிக்கொண்டு போவது? ரிஜிஸ்டரை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பட்லரின் மனைவி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "அம்மிணி, பழைய புஸ்தகத்துல சரியா எழுதியிருக்குமாமா. அவரு சொல்றாரு. கொஞ்சம் பாருங்க."

"காணோமுங்க அக்கா. தேடறேன்," என்றேன். என் முழங்கால் இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க," என்று சொல்லிப் போனார். அன்று முழுவதும் போன் அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது.

மூன்றாம் நாள் காலை பங்களா பாதையில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது. யார் ஜீப் என்று பார்க்கக்கூட இல்லை. ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குவழியில் ஓடினேன். பங்களா வராந்தாவில் மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாலைந்து பக்கங்களைப் புரட்டினார். "டைப்பிங் மிஸ்டேக்கா? சரி, திருத்திக் கொடுத்துடும்மா," என்று மறுபடி கோப்பையை எடுத்தார். அவ்வளவுதான். நான் மூன்று நாள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஜீப்பும் ஃபாக்டரிக்கு வந்த ஜீப்தான்.

பட்லர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு வந்தார். அவர் மனைவி வந்து கேட்டபோது ரிஜிஸ்டர் என் இழுப்பறையில்தான் இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியுமுங்க அம்மிணி. அந்தப் புள்ள என்னமோ பயந்து போயிருக்குதுன்னு அன்னைக்கே ஊட்டுல வந்து சொன்னா." பேனாவை மூடி என் பக்கம் வைத்தார். "அதென்ன எழுத்துன்னு டைப் அடிக்கறப்பவே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே. சொல்லியிருப்பேனே."

இப்போது அவர் பக்கத்து ஊரான ஜெகதளாவில் மகளோடு இருக்கிறாராம். மாதத்துக்கு இரண்டு முறையாவது அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த நிறுத்தம் வரும்போது, அவர் அங்கே நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது என்று ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இதுவரை ஒருநாளும் இறங்கியதில்லை.