லோரித் தராசுக்கு வந்த பெரிய எஞ்சின்

கோலாலம்பூரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேமரன் மலை மழை எங்கே தெரியப்போகிறது? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு லோரியின் பின்னால் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி. அதில் ஓடும் பழைய மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிப்பது என்ற விதியை நிர்வாகம் நினைத்தபோதெல்லாம் மாற்றும். ஒவ்வொரு தடவையும் முழு மென்பொருளையும் நோண்டாமல், விதியை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது. அதைப் படித்து ஓட்டப் பெட்டிக்குள் இன்னொரு மென்பொருள் வேண்டும்; அதற்குப் பெயர்தான் எஞ்சின்.

நான் சின்னதாக ஒன்றைக் கேட்டேன். வேகம் குறைவு, ஆனால் பெட்டிக்கு மின்சாரம் வந்ததும் எழுந்துவிடும். தலைமை ஆபீசில் இருந்த பாஸ், அவரும் தமிழர்தான், பிரவுசரில் இருக்கிற பெரிய எஞ்சின்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"உலகமே இதத்தான் யூஸ் பண்ணுது. நீ என்ன பெரிய ஆளா?"

"ஓட ஆரம்பிச்சா வேகம்தான் பாஸ். எழுந்திரிக்கத்தான் நேரமாவும். இங்க லோரி நிக்கிற எடத்துல எல்லாம் சாவிய ஆஃப் பண்ணிடுவாங்க. பெட்டியும் செத்துடும்."

"அதெல்லாம் சின்ன விஷயம் லா."

சரிவில் லோரி நின்றால் மோட்டாரை அணைத்து டயருக்குக் கல் வைப்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். ஒரு சுற்றில் எத்தனை நிறுத்தம்! அத்தனையிலும் அந்தப் பெரிய சனியன் ஆடி அசைந்து எழுந்திருக்கும். அதுவரை பெண்கள் மழையில் சாக்கைத் தலையில் சுமந்தபடி நிற்பார்கள். கீழே வைக்க முடியாது. சேறு ஒட்டிய கொழுந்தைத் தள்ளிவிடுவார்கள்.

அந்த வரிசையில் என் அக்காவும் நின்றாள். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, பாரம் தூக்கிக்கொண்டு நிற்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டேய் தம்பி, ஒன் பொட்டி இன்னும் முழிக்கலையா? கை மரத்துப் போச்சுடா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

போனில் கத்தினேன். பாஸ் ஒருநாள் மலையேறி வந்தார். குடையைப் பிடித்தபடி வரிசைக்குப் பக்கத்திலேயே நின்று பெட்டியைப் பார்த்தார்.

"ஸ்கிரீன்ல 'காத்திருக்கவும்'னு தமிழ்ல போட்டுடு. முடிஞ்சிச்சு" என்றார்.

மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் பெரியதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சின்னதை வைத்தேன். டிரைவர் கல்லை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் தராசு தயாராக இருந்தது. பெண்கள் மளமளவென்று சாக்கை இறக்கினார்கள்.

பாஸ் போனில் குதித்தார்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"எங்க அக்காவுக்காக மாத்துனேன் பாஸ். அவங்க கழுத்து தாங்கல."

"எந்த அக்கா?"

அவர் மலையேறி வந்த அன்று அவர் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் முழுக்க அவள் தோளில்தான் விழுந்துகொண்டிருந்தது.