பனிக்குச் செய்த கவசம்

என் அறைக் கதவின் பின்பக்கம், குடையும் துணிப்பையும் மாட்டுகிற கொக்கியில், ஒரு மார்புக் கவசம் தொங்குகிறது. கறுப்பு பிளாஸ்டிக். மார்புக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒரு தகடு, தோள்மேல் இரண்டு பட்டைகள், இரு விலாப்புறமும் பெரிய பெரிய பூட்டுகள். முன் தகட்டின் வலது பக்கத்தில் ஒரு கீறல் விலாவில் தொடங்கித் தோளை நோக்கி ஏறுகிறது. இடது பக்கம் புதிதாக வாங்கியதுபோல இருக்கிறது. கதவைச் சாத்தும்போதெல்லாம் அது மரத்தில் ஒருமுறை தட்டும். யாரோ கிளம்பத் தயாராகிவிட்டார்கள் என்பதுபோல ஒரு சத்தம். நானும் எழுந்து, எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல், சமையலறை வரை போய்த் திரும்புவேன்.

அது என் சித்தியுடையது. அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குப் போய் இலை மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. எந்த நிலத்துக்கு எந்த உரம் என்பதை அந்த இலைகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மலாக்கா மாநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் வீடு. செலண்டார் பக்கம் வரை வேலை. கம்பெனி கார் தருகிறோம் என்று சொன்னபோது, "கார்ல போனா ரோடுதான் தெரியும், மரம் தெரியாது" என்று சொல்லி, சேற்றிலும் மேட்டிலும் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றை, காட்டு மோட்டோவை, கேட்டு வாங்கிக்கொண்டார். வாரம் முழுக்க அந்தத் தோட்டங்களில் வேலைக்காக ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே தோட்டங்களுக்கு நண்பர்களோடு ஆசைக்காக ஓட்டப் போவார். சேறு, லாரி போட்ட பள்ளம், வாய்க்கால்மேல் போட்ட ஒற்றைப் பலகை, இவையெல்லாம் அவருக்கு விளையாட்டு. டி-சட்டையும் முழங்கைக்கு ஒரு பட்டையும்தான் போட்டிருப்பார். நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருந்தேன். விபத்துச் செய்தி வந்தால் அடி எங்கே பட்டது என்று முதலில் கேட்கப் பழகியவள். சித்தி ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அவருடைய மார்பிலும் கழுத்திலும்தான் போய் நிற்கும்.

பிறகு நோய் வந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்குமேல் கதிர் சிகிச்சை. ஓய்வு எடுக்கச் சொன்னதை சித்தி ஒரு தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டார். வாசல் கேட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார். பூந்தொட்டிகளை இடம் மாற்றுவார், மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுபோவார். ஓட்டாத மோட்டோவைக் கழுவுவார். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் மேசைமேல் இருக்கும் தேநீர்க் குவளை நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு பரிசோதனையின்போது டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டார். ஓட்டலாம், ஆனால் அந்தப் பக்கம் பலமான அடி படக்கூடாது, கதிர் பட்ட விலா எலும்பு பழையபடி தாங்காது, இதுதான் பதில். முதல் சொல்லை மட்டும் சித்தி எடுத்துக்கொண்டார். மீதியைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தார். தலைக்கவசம் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாத ஆள், கவசம் போட்டு ஓட்டுகிறேன் என்று மனைவி சொன்னபோது, அதை வாங்குவதைத்தான் எதிர்த்தார். "வாங்கிட்டா ஓட்டலாம்னு அர்த்தமாயிரும். வாங்காத" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை சித்தி என்னைப் போனில் கூப்பிட்டார். "கார எடுத்துட்டு வாடி. ஒரு சட்டை வாங்கணும்."

அலோர் காஜா போகும் வழியில் மோட்டோ சாமான் கடை ஒன்று. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவர் பாய். அவர் முதலில் எடுத்துப்போட்டது இழுபடும் வலைத்துணியில் பஞ்சுத் தகடுகள் வைத்துத் தைத்த சட்டை. இப்போது எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள், உள்ளே போட்டால் வெளியே தெரியாது என்றார். டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு திரை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சித்தியின் இடது கை காது வரைதான் ஏறும்; இந்தச் சட்டையைத் தலை வழியாகத்தான் போட வேண்டும். நான் ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, பாதியில் சிக்கிக்கொண்டது. துணிக்குள்ளிருந்து குரல் வந்தது: "என்னடி, இனிமே இதுக்குள்ளதான் குடித்தனமா?" வெளியே இருந்து பாய், "சைஸ் சரியா இருக்காம்மா?" என்றார். "சைஸ் சரி பாய். கைதான் வர மாட்டேங்குது."

இரண்டாவதைப் பாய் கொஞ்சம் பெருமையோடு கொண்டுவந்தார். லேடீஸுக்கென்றே வந்ததாம். கெட்டியான பிளாஸ்டிக், மார்பு இடத்தில் இரண்டு மேடுகள். சித்தி அதைச் சட்டைமேல் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். விரல் முட்டியால் வலது மேட்டைத் தட்டினார், மந்தமான சத்தம். இடது மேட்டைத் தட்டினார். காலி டப்பா சத்தம்.

"பாய், இங்க ஆள் இல்ல."

பாய்க்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார், கல்லாப் பக்கம் திரும்பிச் செயின் பெட்டிகளை நேராக அடுக்கினார். எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சித்தி மட்டும் அசையாமல் நின்றார். வீட்டில் ஓரிடத்தில் நிற்காதவர் அந்தக் கடையில் அப்படி நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பாய் திரும்பினார். முகம் கடைக்காரர் முகமாகிவிட்டிருந்தது. "அப்ப இது வேணாம்மா. விழுந்தா இந்த மேடு உள்ள அமுங்கி நேரா எலும்புலதான் அடிக்கும்" என்று சொல்லி அதை வாங்கி உள்ளே வைத்தார். சித்தி சுவரில் தொங்கிய மெல்லிய தகடு ஒன்றைக் காட்டினார். "அது முன்னால போற வண்டியில இருந்து கல்லு தெறிச்சா தாங்கும். மரத்துல மோதினா தாங்காது. வெல கம்மிதான். உங்களுக்குத் தர மாட்டேன்."

பிறகு ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். மேலே இருந்த படத்தில் எங்கும் பனி. அதன் நடுவே சக்கரம் இல்லாத ஒரு வண்டியில் ஒருவன் முழங்கால் மடித்துப் பாய்கிறான். மலைக்காட்டுப் பனியில் ஓட்டும் வண்டிக்காகச் செய்த கவசம். வேறு சரக்கோடு தவறிக் கலந்து வந்ததாம். உள்ளே கம்பளிபோலத் துணி வைத்திருந்ததால் ஒருவரும் சீண்டவில்லை.

"மலாக்காவுல எப்ப பாய் பனி பெய்யும்?"

"பெஞ்சா மொத ஃபோன் உங்களுக்குத்தான் லா."

சிரித்துக்கொண்டேதான் சித்தி அதை எடுத்தார். எடுத்த பிறகு சிரிக்கவில்லை. இரு பக்கப் பூட்டையும் கழற்றினால் கவசம் புத்தகம்போல விரிந்தது. கையைத் தூக்கவே வேண்டாம். ஒரு பக்கம் சாய்ந்து தலையை நுழைத்தால் போதும். பனியில் கையுறையோடு பூட்ட வேண்டும் என்பதற்காகப் பூட்டுகள் பெரியவை. வலு குறைந்த இடது கை விரல்களுக்கு அவை கட்டுப்பட்டன. பனிக்கடியில் பாறையும் மரக்கட்டையும் மறைந்திருக்கும் என்பதால் தகடு தடிமன். முன் தகடு தட்டையாக இருந்தது, மேடு பள்ளம் இல்லை. பருமனான குளிர் அங்கிக்கு மேலே போடுவதற்கென்று பட்டைகளை நீளமாக வைத்திருந்தார்கள். அதனால் உள்ளே இடம் இருந்தது. அந்த இடம்தான் சித்திக்கு வேண்டியிருந்தது. எந்த ஊரிலோ எந்தக் குளிருக்கோ யோசித்து வைத்த ஒவ்வொன்றும் அவருடைய உடம்பை மனதில் வைத்துச் செய்ததுபோல வந்து பொருந்தியது. அடித்தால் இறுகும் நுரைப் பலகை ஒன்றையும் பாயிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

அன்று பிற்பகல் முழுவதும் சாப்பாட்டு மேசைமேல் வேலை. கம்பளித் துணியைச் சித்தி கிழித்து எறிந்தார். நுரையைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மெத்தென்ற பழைய கைலித் துணியில் சுற்றித் தைத்தார். மருத்துவமனையில் சொல்லி வாங்கிய செயற்கை மார்பு ஒன்று அலமாரியில் இருந்தது. அதை வைத்தால் என்ன என்று கேட்டேன். "அது கல்யாண வீட்டுக்கு. இது காட்டுக்கு" என்றார். கண்ணாடி இல்லாமல், கையால் தடவித் தடவியே அளவு பார்த்து, அந்த மெத்தையை முன் தகட்டின் உள்ளே இடது பக்கத்தில் ஒட்டினார். கவசத்துக்கு ஆமை என்று பெயரும் வைத்தார்.

சித்தப்பா வேலை முடிந்து வந்தபோது சித்தி கவசத்தோடு கூடத்தின் நடுவில் நின்றார். சண்டைக்குத் தயாராக நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா பையை இறக்கி வைத்தார், முகம் கழுவினார், தேநீர் குடித்தார். கவசத்தைப் பார்க்கவே இல்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, "போய் மோட்டோவுல உட்காரு" என்றார்.

"எதுக்கு?"

"உட்காரு சொல்றேன்."

வாசலில் நின்ற மோட்டோவில் சித்தி தலைக்கவசத்தோடு ஏறி உட்கார்ந்தார். "குனி. ஹேண்டில புடி." குனிந்ததும் முன் தகடு மேலே ஏறி அதன் விளிம்பு தொண்டையில் குத்தியது. முதுகுத் தகடு தலைக்கவசத்தைப் பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளியது. சித்தி இருமினார்.

"ரெண்டு பேரும் கடையில நின்னுக்கிட்டே போட்டுப் பார்த்தீங்க, இல்ல? நின்னுக்கிட்டா ஓட்டப் போற?"

"பாதி நேரம் நின்னுக்கிட்டுத்தான் ஓட்டுவேன்."

"மீதி நேரம்?"

சித்தி ஹேண்டிலை விட்டு நிமிர்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டார். ஆலையில் உயரத்தில் ஏறுகிறவர்களின் பெல்ட்டை ஆளைத் தொங்கவிட்டுத்தான் நாங்கள் சோதிப்போம், தரையில் நிற்கும்போது எல்லா பெல்ட்டும் சரியாகத்தான் இருக்கும் என்றார் சித்தப்பா. பிறகு ஹார்ட்வேர் கடைக்குப் போய்க் கெட்டியான நாடா வாங்கிவந்து, முன் தகட்டையும் பின் தகட்டையும் இடுப்போடு சேர்த்துக் கட்டும்படி ஒரு பட்டை தைத்தார். சித்தியை மறுபடி மோட்டோவில் ஏற்றினார். குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார், இடது கையால் கிளட்சைப் பிடிக்கச் சொன்னார். தொண்டைக்கும் தகட்டுக்கும் நடுவே தன் விரல்களை நுழைத்துப் பார்த்தார். ஓட்டலாம் என்று அவர் அன்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தியிருந்தார்.

முதல் ஞாயிறு, செலண்டார் பக்கம் தோட்டச் சாலை முடியும் இடத்தில், கடை ஒன்றின் முன் காரை நிறுத்திக்கொண்டு நான் காத்திருந்தேன். முந்தின நாள் மழை. மரங்களுக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் கிட்டே வரும், திரும்பித் தூரமாகப் போகும். தேநீர் சொன்னேன், குடிக்கவில்லை. நடந்தேன். சித்தியின் நடை எனக்கு ஒட்டிக்கொண்டதை அன்றுதான் கவனித்தேன். நண்பர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், அவர் வரவில்லை. பிறகு மெதுவாக வந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. வாய்க்கால் ஓரத்தில் சக்கரம் வழுக்கி, வெட்டி அடுக்கிய செம்பனை மட்டைகள்மேல் விழுந்திருக்கிறார். மட்டையின் வெட்டுமுனை கவசத்தில் பாய்ந்து உரசிக்கொண்டு போயிருந்தது.

"எங்க பட்டுச்சு?" என்றேன். தொழில் புத்தி.

"வலது பக்கம்" என்றார் சித்தி. தலைக்கவசத்தைக் கழற்றினார். கண் பளபளவென்று இருந்தது. "இத்தனை பேரும் இடது பக்கத்துக்குக் காவல் நின்னீங்க. விழறவளுக்கு அது தெரியுமா?"

வீட்டில் சித்தப்பா அந்தக் கீறலைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக ஒருமுறை தடவினார். மறுநாள் இடுப்புப் பட்டையின் தையலைப் பிரித்து இன்னும் கெட்டியாகத் தைத்திருந்தார்.

அதன்பின் சில வருஷங்கள் சித்தி ஓட்டினார். விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்புவார். ஆமைக்குள் அவ்வளவு வேர்க்கும். பலமுறை விழுந்தார். இடது பக்கம் ஒருமுறையும் அடிபடவில்லை. நோய் திரும்பி வந்தபோது முதுகெலும்பில் வந்தது. கடைசி மாதங்களில் மோட்டோ வாசலிலேயே நின்றது. ஒரு காலை நான் போனபோது கவசத்தை மாட்டிவிடச் சொன்னார். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூட்டினேன், உடம்பு இளைத்துக் கவசம் ஆடியது. "இன்னும் இறுக்கு" என்றார். இறுக்கினேன். "இன்னும் லா." பட்டை அதன் எல்லைக்கு வந்துவிட்டிருந்தது. நாற்காலியில் குனிந்து, இல்லாத ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். "தொண்டையில இடிக்கல. உங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்றார். சித்தப்பா அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

சித்தி போன பிறகு மோட்டோவைச் சித்தப்பா விற்றுவிட்டார். கவசத்தை என்னிடம் தந்தார். அது வீட்டில் இருந்தால் உட்கார முடியவில்லை என்றார். இப்போது எனக்கும் அதே நிலைதான். நான் மோட்டோ ஓட்டியதில்லை, இனி ஓட்டப் போவதுமில்லை. போன வாரம் கதவைச் சாத்தியபோது அது வழக்கம்போலத் தட்டியது. கொக்கியிலிருந்து எடுத்தேன். பக்கவாட்டில் சாய்ந்து தலையை நுழைத்து, சித்தி கடைசியாக விட்ட அளவிலேயே பூட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து குனிந்தேன். தொண்டையில் இடிக்கவில்லை. வலது பக்கம் சரியாகப் பொருந்தியது. இடது பக்கம்தான் பொருந்தவில்லை. அங்கே அவர் தைத்த மெத்தை இருந்தது. என் மார்பை உள்ளே போகச் சொல்லி அமுக்கிக்கொண்டே இருந்தது. வலித்தது. பூட்டைத் தளர்த்தவில்லை. அப்படியே எழுந்து சமையலறை வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன்.