ரவுண்டு அக்கா

மெயிலை அனுப்பிய கையோடு அக்கா போனை எடுத்துவிடுவார். "அண்ணே, உங்க பக்கம் ஒண்ணு வந்திருக்கு. பாத்துட்டு அடுத்தவருக்குத் தள்ளி விட்டுருங்க. அடைகாக்காதீங்க." மறுமுனையில் இருப்பவர் திறந்துவிட்டதாகச் சொன்னால்தான் போனை வைப்பார்.

பாட்டில் தொழிற்சாலையின் மாடி அலுவலகத்தில் ஜன்னலோர மேசை அவருடையது. அறிக்கையோ கடிதமோ, வரைவை எழுதி, ஒருவர் பின் ஒருவராக மெயிலில் சுற்றுக்கு விட்டு, எல்லோரும் திருத்தி முடித்ததும் திரும்ப வாங்கிச் சரிபார்ப்பது அவர் வேலை. அதனால் ரவுண்டு அக்கா. ஆள் என்னவோ ஒட்டடைக் கம்பு. பெயரை மட்டும் கேட்டுத் தேடி வருபவர்கள் பக்கத்து மேசையின் பருமனான கணக்காளரிடம் காகிதத்தை நீட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

குழப்பம் வந்தால் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றுவார். ஒரு செருப்பு என்றால் சின்னக் குழப்பம். இரண்டும் என்றால் யாரும் கிட்டே போவதில்லை.

அண்மையில் ஒருநாள் இரண்டும் கழன்றன.

சில வாரங்களுக்கு முன் மூடி போடும் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் கை மாட்டிக்கொண்டது. முதலில் ஓடிப்போய்த் துணியைச் சுற்றியவர் இவர்தான். வரைவையும் இவரே எழுதினார்: "கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் தகடு இல்லாததால் வலது கை மோதிர விரல் பாதி துண்டானது. தகடு பொருத்தும்வரை இயந்திரத்தை ஓட்டக் கூடாது." அறிக்கை மேற்பார்வையாளர், இன்ஜினியர், பணியாளர் நல அதிகாரி, மேலாளர் என்று நான்கு பேரிடம் சுற்றித் திரும்பியது.

"ஊழியர் ஒருவருக்கு விரலில் லேசான காயம் ஏற்பட்டது. தகடு பொருத்துவது குறித்துப் பின்னர் பரிசீலிக்கலாம்."

வேறு ஏதோ அறிக்கை தவறி வந்துவிட்டது என்றே முதலில் நினைத்தார். திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். 'துண்டானது' கேட்கவே பயமாயிருக்கிறது என்று மேற்பார்வையாளர் 'பலத்த காயம்' ஆக்கியிருந்தார். பலத்ததா இல்லையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று இன்ஜினியர் 'பலத்த'வை எடுத்திருந்தார். வெறும் 'காயம்' மொட்டையாக நிற்கிறதே என்று அடுத்தவர் 'லேசான' சேர்த்திருந்தார். காயமே லேசானது என்றபின் இயந்திரத்தை எதற்கு நிறுத்த வேண்டும் என்று மேலாளர் கடைசி வரியை மாற்றியிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை. அதுதான் தலையைச் சுற்றியது.

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். "நான் ஒரு வார்த்தைதான் மாத்தினேன் அக்கா."

இன்ஜினியர் சொன்னார்: "எனக்கு வரும்போதே காயம்னுதான் இருந்துச்சு."

மேலாளர் அவசரத்தில் இருந்தார். "நாலு பேர் பாத்தாச்சு. நீங்க ஓகே போட்டா முடிஞ்சுது. நாளைக்கு மெஷின் ஓடணும்."

நாலு பேர் பார்த்தது தப்பாகுமா? தான்தான் பதற்றத்தில் பெரிதாக எழுதிவிட்டோமோ? ரத்தம் நினைவிருந்தது. விரல் நினைவில்லை. துணியைச் சுற்றும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்.

செருப்பில்லாமலே படியிறங்கினார். கிடங்கில் இடது கையால் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளி, இவரைப் பார்த்ததும் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அண்ணே, உங்க விரலு..."

"அதெல்லாம் ஆறிடுச்சு மேடம்."

"ஆறினதைக் கேக்கலைண்ணே. இருக்கா, இல்லையா?"

கை தயங்கித் தயங்கி வெளியே வந்தது. மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது. அக்கா இம்முறை முகத்தைத் திருப்பவில்லை.

"நாளைக்கு அந்த மெஷின்ல யாரு?"

"என் மச்சானைப் போட்டிருக்காங்க."

"கொஞ்சம் மாடிக்கு வாங்க."

ஸ்கேனரின் மூடியைத் தூக்கிப் பிடித்தார். "இங்க குப்புற வைங்க. விரலை விரிச்சு."

"எதுக்கு மேடம்?"

"எனக்கே தெரியலைண்ணே. வைங்க."

வலித்துவிடப் போகிறது என்று மூடியைப் பாதிக்குமேல் இறக்காமல் கையிலேயே தாங்கிக்கொண்டார். வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்தது. திரையில் அந்தக் கை வந்தது. அறிக்கைக்குப் பக்கத்தில் அதையும் சேர்த்தார். பிறகு, இத்தனை வருஷ வேலையில் செய்யாத ஒன்றாக, மெயிலில் நான்கு பேரின் முகவரியையும் ஒரே வரியில் அடித்தார்.