கடுக்குது என்று சொல்லத் தெரியாமல்

இந்த நாட்டில் வலியை எண்ணில் சொல்ல வேண்டும். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கிறார்கள். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, இங்கிலீஷ் கடிதமெல்லாம் எழுதிவிட்டு வந்தவன் நான். அந்தத் தைரியத்தில்தான் போனை எடுத்தேன்.

என் மனைவி செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம். "ஏங்க, அடிவயிறு கடுக்குது. இடுப்பு விட்டுப்போற மாதிரி இருக்கு" என்றாள். மருத்துவ உதவி எண்ணில் பேசிய பெண், "ஷார்ப்பா? டல்லா? கிராம்பிங்கா?" என்று வரிசையாகக் கேட்டாள். கடுக்குது என்பதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "பெயின்" என்றேன். எத்தனை என்றாள். செல்வியைப் பார்த்தேன். "பொறுத்துக்கிடலாம்" என்றாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எதற்குத்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்? நான் "த்ரீ" என்றேன். ஓய்வெடுக்கட்டும், கூடினால் உடனே கூப்பிடுங்கள் என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை உதிரம் கண்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை.

செல்வி அழவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு, "எங்கம்மாவத் தேடுது" என்றாள். என்ன சொல்கிறாள் என்று நர்ஸ் கேட்டாள். "ஷி இஸ் சர்ச்சிங் ஹெர் மதர்" என்றேன். நர்ஸ் விடுவிடுவென்று வெளியே போனாள். வராந்தாவில் யார் யாரிடமோ விசாரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "யாரும் இல்லையே, எங்கே நிற்கிறார்?" என்றாள். ஊரில், மம்சாபுரத்தில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? "இந்தியா" என்றேன். "ஓ... ஷி மிஸ்ஸஸ் ஹெர்" என்றபடி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஸ் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைத் தவறவிடுவது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும்; ஏக்கத்தில் எங்கள் பக்கம் 'தேடுது' என்போமே, அதற்கும் அதுதான் வார்த்தை என்று தெரியாது.

கடுக்குது என்பதற்கு 'ஏக்' (ache) என்ற இங்கிலீஷ் சொல்லைப் பின்னால்தான் கற்றேன். பல் வலிப்பதற்கும் அதுதான், மனம் கிடந்து ஏங்குவதற்கும் அதுதானாம். அன்றே சரியாகச் சொல்லியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

பிள்ளையை இந்த ஊர் இடுகாட்டிலேயே புதைத்தோம். ஒரு மாதம் கழித்து செல்வியின் அம்மா வீடியோ காலில் அழுதார். "ஏட்டி, அங்க கெடந்து ஏன் சாகுத? மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. நான் பாத்துக்கிடுதேன்."

நானும் டிக்கெட் பார்த்து வைத்திருந்தேன். செல்வி திரையில் தெரிந்த அம்மாவின் முகத்தை விரலால் தடவினாள்.

"வரணும்போலதாம்மா இருக்கு. ஆனா புள்ளய இங்க யாரும்மா பாத்துக்கிடுவா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அம்மா லைனில் அழுதுகொண்டிருக்கும்போதே, செல்வி குடையை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தாள்.