உறைந்த ஆற்றைப் பற்றி நான் சொன்ன பொய்

ரஷ்யாவில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததாக நான் பொய் சொன்னேன். அதை நம்பிய ஒருவர் செத்துப்போனார்.

மயிலாப்பூரில் பூகோள ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அசோக் நகரில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றின் மாடியில், புறப்படுகிறவர்களுக்கு ரஷ்யாவை அறிமுகப்படுத்தி வகுப்பெடுத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லூரி நாளில் மலிவாகக் கிடைத்த, கெட்டி அட்டை போட்ட மொழிபெயர்ப்புப் புத்தகங்கள்தான். அந்த நாட்டுக்காரர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்; வீட்டுக்குள் விட்டால் ரொட்டியும் உப்பும் வைத்து உறவாக்கிக்கொள்வார்கள் என்பேன். குளிர்காலத்தில் ஆறே சாலையாகிவிடும், லாரி போகும் என்பேன்.

"நம்ம ஆத்து மேல காக்காதான் சார் நடக்கும், அதுவும் ஆகாயத்தாமரை மேல!" என்றார் சைதாப்பேட்டை வெல்டர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை.

"எந்த மாசம் வரிக்கும் சார் தாங்கும்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஏப்ரல் முடியற வரைக்கும் தாங்கும்மா. நானே நடந்திருக்கேன்."

அந்த வெல்டர் ரஷ்யாவில் வேலை பார்த்த இடம் ஆற்றுக்கு அக்கரையில். ஏப்ரல் பிறந்ததும் உள்ளூர்க்காரர்கள் பாலம் வழியாகச் சுற்றிப் போனார்கள். பனிக்கட்டி பார்வைக்கு அப்படியேதான் இருந்ததாம். அவர் இறங்கி நடந்தார். உடல் மே மாதம்தான் கிடைத்தது.

குடித்துவிட்டு இறங்கினார் என்று அலுவலகம் வீட்டாரிடம் சொல்லிவிட்டது. கூட வேலை செய்து திரும்பியவர் என்னிடம் வந்தார். "அவன் ஒரு சொட்டு தொடல சார். வேணாம்னோம். 'வாத்தியாரே நடந்துகீறாரு, நீ இன்னாடா பயந்துகினு'ன்னு சிரிச்சிகினே போனான்."

அதன் பிறகும் நான்கு வகுப்புகள் எடுத்தேன். ஆற்றை மட்டும் விட்டுவிட்டேன். ஐந்தாவது வகுப்பில் உண்மையைச் சொன்னேன். அலுவலகத்தார் பாதியிலேயே என்னை மாடியிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வெல்டரின் மனைவியைத் தேடிச் சைதாப்பேட்டைக்குப் போனேன்.

கேட்டு முடித்ததும் அந்தப் பெண் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அப்போ அது குடிக்கல?"

"இல்லம்மா. என் பேச்சை நம்பினார். நான் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை."

"இங்கியே நில்லு." வெளியே போய் மாமியாரை, கொழுந்தனை, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வந்தாள். "குடிகாரன் பொண்டாட்டின்னீங்களே, கேளுங்க. சொல்லு பெருசு, மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். பின்னால் வந்தவர்களுக்காக மறுபடியும் சொன்னேன்.

"இத்தினி நாளு இன்னா பண்ணிகினு இருந்த?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கொழுந்தன்தான் தெருமுனை வரை என்னோடு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அண்ணன் மேல இருந்த கெட்ட பேரு போச்சு. அது போதும் சார்," என்றார். "எனக்கும் டிக்கெட் வந்துட்ச்சு. அதே ஊருதான்."

போக வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "இன்னா சார், நீங்க பாத்ததே இல்லன்னீங்களே," என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.